ஊக்கு குத்தாத சேலை

அந்த வண்டிக்குச் சுற்றுப்பாதை கிடையாது. மேடையிலிருந்து எய்தது போலக் கிளம்பும். ஒரு பெரிய வளையத்தைத் தலைகீழாகத் தாண்டும். எதிரே வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வேகம் தீர்ந்து ஒரு கணம் நிற்கும். பிறகு வந்த வழியே, பின்புறமாக, அதே வளையத்தைத் தாண்டி மேடைக்கு வந்து சேரும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். வரும்போது முதுகில் அடிக்கும். ஏறியவர்கள் இறங்கியதும் சொல்வது பெரும்பாலும் போன கதையைத்தான். வந்ததைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை, கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.

சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இருக்கிற அந்த ரோலர் கோஸ்டரை என் தங்கை மூன்று வருஷம் இயக்கினாள்.

இயக்குவது என்றால் கண்ணாடி அறைக்குள் நிற்பது. முன்னால் ஒரு பலகை. அதில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், ஒரு முழ இடைவெளியில். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வண்டி கிளம்பும். ஒரு கை வெளியே எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும்போது மற்றக் கை அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். நடுவில் சிவப்புப் பொத்தான், நிறுத்துவதற்கு. மேடையில் இரண்டு பேர் ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவார்கள். இரண்டு கட்டை விரலும் தெரிந்த பிறகுதான் அவள் கை பொத்தானுக்குப் போகும். காலையில் கதவு திறப்பதற்கு முன் வெறும் வண்டியை மூன்று முறை விட்டுப் பார்ப்பாள். மழை பெய்த காலையில் வண்டி கொஞ்சம் சோம்பும், வெயில் ஏற ஏற வேகம் கூடும் என்றாள். இதையெல்லாம் அவள் தொலைபேசியில் சொல்லும்போது நான் குறித்துவைத்திருக்கிறேன். செய்தியாளனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

எங்கள் வீடு ஆரணிக்குப் பக்கத்தில், முள்ளிப்பட்டில். வீட்டுக்குள் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா. நான் படித்துவிட்டு ஒரு நாளிதழின் சென்னைச் செய்தி மேசையில் சில வருஷம் இருந்து, பிறகு அதே பத்திரிகைக்கு ஆரணிச் செய்தியாளனாகத் திரும்பி வந்தவன். தங்கை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தாள். முடித்த அடுத்த வருஷம் அவளை தேவிகாபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக நெல் அறுக்கும் மெஷின் இருந்தது. குடி கிடையாது. இரண்டு விஷயங்களையும் கல்யாணத்துக்கு முன்னால் நான்தான் விசாரித்துச் சொன்னேன். இரண்டும் உண்மை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு முற்பகலில் அவள் சான்றிதழ் கோப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவார் என்று அன்றைக்குச் சொன்னாள். அடிப்பார் என்பதைப் பிறகு சொன்னாள். அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா அழுதாள், அழுதுமுடித்ததும் எப்போது திரும்பிப் போகப் போகிறாய் என்று கேட்டாள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். மனைவியை அடித்த செய்தி வந்தால் அதைக் 'குடும்பத் தகராறு' என்று போடுவது எங்கள் மேசையின் வழக்கம். தொலைபேசியில் அவளிடமும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினேன். எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், கொஞ்சம் பொறுத்துப் பார் என்றேன்.

வேலையை அவளே தேடிக்கொண்டாள். முதலில் தண்ணீர் விளையாட்டுகளின் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் மேடைப் பணியாளர், அப்புறம் பரீட்சை எழுதி அந்தக் கண்ணாடி அறை. பூங்காவின் வளாகத்துக்குள்ளேயே பெண்களுக்கு விடுதி. ஒரு அறையில் நான்கு பேர். அவள் உடம்பு தேறிற்று. அவள் கணவர் இரண்டு முறை அவளைக் கூப்பிட்டுப்போக வந்தார். இரண்டு முறையும் வாசலில் காவலர் டிக்கெட் கேட்டார். பெண்டாட்டியைப் பார்க்க எதற்கு டிக்கெட் என்று சத்தம் போட்டுவிட்டு, வாங்காமலேயே திரும்பிப் போனார். அந்த வேலையில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். வாசல் என்றாள்.

எங்கள் வீட்டுத் தறிகளில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும், குறுக்கே ஓட்டுகிற பட்டு நூலும் ஆரணியில் இருக்கிற ஒரு முதலாளி கொடுப்பார். நெய்து முடித்த சேலையை அவரிடமே சேர்க்க வேண்டும். முள்ளிப்பட்டில் பல வீடுகளுக்கு அவர்தான். நான் அவரிடம் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. இருந்தாலும் அவரை "மொதலாளி" என்றுதான் கூப்பிடுவேன். வருஷத்துக்கு ஒருமுறை தன் ஆட்களை பஸ் பிடித்து எங்காவது கூட்டிப்போவார். கோயில்களாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் பூங்கா என்றார். கடையில் விற்பதைவிடக் கைபேசியில் படம் காட்டி விற்பது அவருக்கு அதிகமாகியிருந்த காலம் அது.

ஒரு நாள் என் அலுவலகத்துக்கே வந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார். எட்டுப் பெண்கள், எட்டு புதுப் பட்டுச் சேலைகள், அந்த ரோலர் கோஸ்டர். இதை வீடியோ எடுக்க வேண்டும்.

"நெய்ஞ்சவங்களே பட்டு கட்டிகினு தலகீழா சுத்துறாங்கன்னா எவன் தம்பி பாக்காம போவான்? உங்க தங்கச்சி கீதுல்ல அங்க. ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டேன். அவள் சிரித்தாள். அந்த வண்டியில் சேலை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதற்கும் இடமில்லை. சேலையில் வருகிறவர்கள் கீழே கவுண்டரில் பேன்ட் வாடகைக்கு எடுத்து மாற்றிக்கொண்டுதான் ஏற முடியும். விதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் விஷயத்தை அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து முதலாளி வழியில் பார்த்து, கேட்டீர்களா என்றார். மறுபடியும் கூப்பிட்டேன். அம்மா அப்பா தறிக்குப் பாவு அவரிடமிருந்துதான் வருகிறது என்றேன். அவளுக்குத் தெரியாத தகவல் இல்லை அது.

"நீ இப்போ அவருக்காகப் பேசுறியா, அம்மாவுக்காகப் பேசுறியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன்.

அவள் ஒப்புக்கொண்டாள். கூட்டமில்லாத வார நாளில், காலையின் முதல் சவாரி மட்டும். கொசுவத்தை முழங்காலோடு சேர்த்துப் பட்டையால் கட்ட வேண்டும். முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகி, சேலையோடு சேர்த்து ஊக்கு குத்த வேண்டும். ஊக்கை அவளே குத்துவாள். எட்டு பெரிய ஊக்குகளை அவளே வாங்கி வைத்தாள்.

எட்டுப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. யார் யார் ஏறுவது என்று முதலாளி கேட்டபோது அம்மாதான் முதலில் கை தூக்கினாள். மகள் ஓட்டுகிற வண்டியில் ஏற வேண்டும் என்றாள். அதுவரை அவள் தங்கையின் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

பூங்காவின் உடை மாற்றும் அறையில் முதலாளி சேலைகளை அட்டைப் பெட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விலைச் சீட்டுகளைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கட்டுகிற சேலை, கழற்றி மடித்தால் மறுபடி புதுசுதான் என்பது அவர் கணக்கு. பெண்களுக்கும் அது தெரியும். அறைக்குள் ஒரே சிரிப்பு. வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

"என் கல்யாணத்துக்கே இம்மாம் வெல சேல கட்டல. இத கட்டிகினு சாவப் போறேன்" என்றாள் ஒருத்தி.

"செத்தா சேலைய மட்டும் உருவிகினு வந்துடுவாரு. உன்ன அங்கியே வுட்டுடுவாரு" என்றாள் இன்னொருத்தி. முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

அம்மாவுக்கு வந்தது அரக்கு நிறச் சேலை. அது அவளே நெய்தது. கரையில் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என் தறி என்றாள்.

மேடையில் தங்கை சீருடையில் நின்றாள். யாரையும் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பெண்களிடம் ஒவ்வொருத்தியாகக் குனிந்து ஊக்கு குத்தி, இழுத்துப் பார்த்து, அடுத்தவளிடம் போனாள். அம்மாவிடம் வந்தபோது அம்மா கையை வைத்து மறைத்தாள்.

"ஜரிகைல குத்தாதடி."

"ஜரிகைல குத்தல. கைய எடும்மா."

"பட்டுலயும் ஓட்ட தெரியும்டி."

"கைய எடு."

குத்தினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடி அறைக்குள் போனாள்.

நான் மேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றேன். பயணிகள் அல்லாதவர்கள் அங்கே நிற்கக் கூடாது. வீடியோ எடுக்க முதலாளியின் ஆள் வெளியே நின்றார். கிட்டத்திலிருந்து நல்ல படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள், என் அலுவலகக் கேமராவில். தங்கை ஒருமுறை என்னைப் பார்த்தாள். வெளியே போ என்று சொல்லவில்லை. கம்பிகள் இறங்கின. மேடைப் பணியாளர்கள் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் கேமராப் பொத்தானை விடாமல் அமுக்கிப் படங்களாக எடுத்துத் தள்ளினேன். இரண்டு கட்டை விரல்கள் உயர்ந்தன. வண்டி போயிற்று.

போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. முன்காற்று சேலைகளை உடம்போடு அமுக்கி வைத்திருந்தது. வளையத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து அலறினார்கள். உச்சியில் வண்டி நின்றபோது அலறலும் நின்றது. பிறகு அது பின்னால் வரத் தொடங்கியது.

இரண்டாம் பெட்டியிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்று எழுந்தது. பின்னாலிருந்து வந்த காற்று அம்மாவின் முந்தானையை இடுப்பிலிருந்து உருவித் தலைக்கு மேலே தூக்கி, முன்பக்கம் வீசியது. வளையத்துக்குள் அது இரண்டு முறை படபடத்தது. அப்புறம் முன் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே இறங்கிச் சக்கரத்துக்குப் போனது. தங்கை அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். வண்டி மேடையைத் தொடுவதற்குச் சில அடி முன்னால் குலுங்கி நின்றது. முந்தானை சக்கரத்தில் சுற்றியிருந்தது, அதன் மிச்சம் அம்மாவின் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. மேடைப் பணியாளர் ஓடிப்போய்ச் சேலையை வெட்டினார்.

கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. சில நாள் குரல் கரகரத்தது. அவ்வளவுதான். சக்கரம் இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றைக்கு பூங்காவின் பொறியாளர் விளக்கினார். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. முதலாளி அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்த பிறகு கீழே கிடந்த வெட்டுத் துண்டை எடுத்து, பழைய மடிப்புக் கோடு பார்த்து மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

மதியமே விசாரணை. பாதுகாப்பு மேலாளர் நிதானமான மனிதர். இரண்டு கேள்விகள் கேட்டார். சேலையோடு ஏற ஏன் அனுமதித்தாய்? நான்தான் விட்டேன், தப்பு என்னுடையது என்றாள் தங்கை. என் பெயரைச் சொல்லவில்லை. முதலாளி பெயரையும் சொல்லவில்லை. ஊக்குகளைச் சரிபார்த்தாயா? எட்டையும் நானே குத்தினேன், எட்டையும் இழுத்துப் பார்த்தேன் என்றாள்.

ஏழு சேலைகளில் ஏழு ஊக்குகள் இருந்தன. அம்மாவின் சேலையில் இல்லை. சேலையில் ஊக்கு கிழித்த தடமும் இல்லை. வண்டியிலும் தண்டவாளத்துக்குக் கீழேயும் தேடினார்கள், கிடைக்கவில்லை. மேடைப் பணியாளர்கள் கம்பியைத்தான் பார்த்தோம் என்றார்கள், மற்றப் பெண்கள் அவரவர் ஊக்கைத்தான் பார்த்தோம் என்றார்கள். அம்மாவைக் கேட்டார்கள்.

"எனக்கு இன்னாங்க தெரியும். அவ எல்லாருக்கும் குத்திகினே வந்தா. எனக்குக் குத்தனாளா இல்லியான்னு நெனப்பு இல்ல" என்றாள்.

தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் எங்கள் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். விதியை மீறியதற்குத் தண்டனை உண்டு. சம்பளத்தில் பிடிப்பார்கள், சில மாதம் மேடை வேலைக்கு இறக்குவார்கள். ஆனால் சரிபார்க்காததைச் சரிபார்த்தேன் என்று சொல்கிறவரிடம் அந்தப் பலகையைக் கொடுக்க முடியாது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான்கு நாள் அவகாசம், வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்.

மறுநாள் காலை ஆரணி அலுவலகத்தில் கேமரா அட்டையைக் கணினியில் போட்டேன். வண்டி கிளம்புவதற்கு முன் எடுத்த படங்களில் ஒன்று மிகத் தெளிவாக விழுந்திருந்தது. கம்பி இறங்கியாயிற்று. அம்மாவின் இடது கை துணியை விரித்துப் பிடித்திருக்கிறது, நூல் விலகாமல் இருக்க. வலது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திறந்த ஊக்கு. பின்னால் கண்ணாடி அறையில் தங்கை, இரண்டு கையும் பச்சைப் பொத்தான்களுக்கு மேலே, பார்வை மேடைப் பணியாளர்களிடம். ஒரே படத்தில் இருவரும்.

அந்தப் படத்தை ஒரு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால், தங்கை குத்தியதை அம்மாதான் கழற்றினாள் என்று தெரிந்திருக்கும். அம்மா விசாரணையில் சொன்னது பொய் என்றும் தெரிந்திருக்கும். அந்தக் கோணத்தில் படம் எடுக்க நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். பூங்காவுக்குள் கேமராவைக் கொண்டுபோக வாசலில் பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டியவன் நான். கோட்டுக்கு உள்ளே என்னை விட்டது அவள் மீது இன்னொரு குற்றமாகும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலில், உத்தரவு எப்படி வருகிறதென்று பார்ப்போம் என்று இருந்தேன். வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்த பிறகு, இனி என்ன பிரயோஜனம் என்று இருந்தேன்.

இதற்கு நடுவில் செய்தி மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் ஊர் ஆட்கள்தானே, ஏதாவது அனுப்புங்கள் என்றார்கள். ஆறு வரி அனுப்பினேன். சேலை அணிந்து சவாரி செய்த பெண் லேசான காயத்துடன் தப்பினார், விதிகளை மீறி அனுமதித்த ஊழியர் மீது நடவடிக்கை. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. பிழைதிருத்துகிறவருக்கு வேலையே இல்லாத செய்தி.

முதலாளி வீடியோவை வெளியிட்டார். வண்டி உச்சியில் போய் நிற்கிற வரைக்கும்தான் அதில் இருந்தது. அரக்கு நிறச் சேலையைப் பலர் கேட்டார்கள். எங்கள் வீட்டுத் தறிகள் இரண்டிலும் அடுத்து அரக்குப் பாவுதான் ஏறியது.

தங்கை ஒரு பையோடு முள்ளிப்பட்டுக்கு வந்தாள். தினமும் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து என் அலுவலகக் கணினியில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினாள். வேறு பூங்காக்கள், பெரிய கடைகளின் எஸ்கலேட்டர், லிஃப்ட் கம்பெனிகள். இரண்டு இடங்களில் பதில் வந்தது. பழைய இடத்தின் கடிதம் கேட்டார்கள். கடிதத்தில், பாதுகாப்புச் சோதனை குறித்துப் பொய்த் தகவல் அளித்ததால் நீக்கம் என்று இருந்தது. பிறகு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் நான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தாள். ஏதோ ஒரு கம்பெனி, வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் ஒன்று கேட்டிருந்தது. அன்றைக்கு எடுத்ததில் தன் முகம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள்.

"எப்போ பாத்த இத?"

பொய் சொல்லும் அளவுக்கு நேரம் இருந்தது. "மறுநாளே" என்றேன்.

"ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

டீயை வாங்கிக் குடித்தாள். சூடு போவதற்குள் முழுக்கக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தாள். இப்போதாவது அனுப்பலாமே என்றேன்.

"இப்போ அனுப்பனா, இத்தினி நாள் எங்க இருந்துச்சி இதுன்னு கேப்பாங்க. நீ வந்து சொல்லுவியா?"

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் திரும்பித் திரையைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிட்டாள். படத்தின் முன்பகுதியை வெட்டினாள். அம்மாவின் கை போயிற்று, ஊக்கு போயிற்று, சேலை போயிற்று. கண்ணாடி அறையும் அதற்குள் அவளும் மிஞ்சினார்கள். அதைத் தன் பெயரில் சேமித்து விண்ணப்பத்தோடு அனுப்பினாள். அந்தக் கம்பெனியும் பதில் போடவில்லை.

அன்று நானும் அவளோடு முள்ளிப்பட்டுக்குப் போனேன், என்ன நடக்குமோ என்று. எதுவும் நடக்கவில்லை. அம்மா தறியில் இருந்தாள். தங்கை பக்கத்தில் போய் நின்று, ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்டாள். அம்மா எதை என்று கேட்கவில்லை.

"ஓட்ட வுயுந்துட்டா டேமேஜுன்னு திருப்பி அனுப்பிடுவாங்கடி. அப்புறம் அத எவ கட்டுவா?" என்றாள். பிறகு, "கைலதான் வச்சிகினு இருந்தேன். வண்டி நின்னதும் குத்திக்கலாம்னு. தலகீழா போச்சே, அப்பதான் எங்கியோ வுயுந்துடுச்சி" என்றாள்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேலை நெய்கிறவள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் திருப்பித் தருகிறவர்களிடம் அத்தனை வருஷமும் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள். சேலையில் ஊக்கு குத்தியிருப்பதை அவளால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையில் அவள் சொன்னதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புகைப்படம் கையில் இருந்தவன் அப்படி நினைக்க அதிகத் துணிச்சல் வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவிகாபுரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தங்கையின் மாமியார், இரண்டு பெரியவர்கள், அவள் கணவர். தட்டில் பழமும் பூவும் இருந்தன. கணவர் புதுச் சட்டை போட்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் பேசினார். பெண் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது, போயிற்று, பார்த்தாயிற்று, போதும் என்றார். பேப்பரில்கூட வந்துவிட்டதே என்றார். அம்மா, இனி அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்றாள். அப்பா, எல்லோரும் என்ன சொல்கிறீர்களோ அதுதான் என்றார்.

பெரியவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல இருக்கறவரு, ஒலகம் தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அவளை என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரணியில் நான் இருப்பது இரண்டு அறை, ஒன்று அலுவலகம். அதையும் யோசித்தேன்.

"போய்ப் பாரு" என்றேன். "சரிப்படலன்னா வந்துடு."

"எங்க வர்றது?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்பதுபோல, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாமியார், நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பலாம் என்றார்.

அவள் தேவிகாபுரம் போய் எட்டு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை கூப்பிடுகிறேன். அவள் எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கணவர்தான் எடுக்கிறார். மரியாதையாகப் பேசுகிறார். ஒரு நாள், குளிக்கிறாள் என்றார். ஒரு நாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். நான் கூப்பிட்டதைச் சொல்லுங்கள் என்கிறேன். சொல்கிறேன் மச்சான் என்கிறார். நேற்று மதியம் கூப்பிட்டபோது, தூங்குகிறாள் என்றார். சரி, எழுப்ப வேண்டாம் என்றேன்.